கஸ்டமர் திரை

கஸ்டமருக்கும் ஒரு திரை வைக்கலாம் என்று முதலில் யோசித்தவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். செஞ்சி பஜாரில் பேனர் டிசைன் செய்கிறேன். ஒரே கம்ப்யூட்டர், இரண்டு திரை. ஒன்று என் முன்னால், இன்னொன்று கஸ்டமர் நாற்காலிக்கு எதிரே. இரண்டிலும் ஒரே படம் தெரிகிற மாதிரி முதலாளி செட்டிங்கில் எழுதி வைத்திருக்கிறார். மாப்பிள்ளையைத் தள்ளி வை, தாய்மாமனைப் பெரிசாக்கு என்று நாளெல்லாம் தொணதொணப்பு. முகூர்த்த மாதத்தில் மண்டை காய்ந்துவிடும். தாங்க முடியாதபோது ஒரு கமாண்ட் அடித்து இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவேன். அவர்கள் பக்கம் டெஸ்க்டாப்பில் இருக்கும் செஞ்சிக் கோட்டைப் படம் மட்டும் நிற்கும். கம்ப்யூட்டர் அணைந்தால் பழையபடி ஆகிவிடும், மறுபடி அடிக்க வேண்டும்.

அன்று தளவானூர் விமல்ராஜ், புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அம்மாவோடு வந்தான். அம்மா விருத்தாம்பாளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என் காதோரம் குனிந்தான்.

"அக்கா, நைனாவுக்கு இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. அஞ்சலி பேனர இப்பவே ரெடி பண்ணி வெச்சிடு. தேதி அப்புறம் சொல்றேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்காது."

திரையைப் பிரித்தேன். அவன் கொடுத்தபடி அவன் அப்பா அரிகிருஷ்ணனின் படத்தையும் பேரையும் பிறந்த தேதியையும் போட்டேன். தீபமும் மாலையும் இன்னும் வைக்கவில்லை. விமல்ராஜ் ஆட்டோ பார்க்கப் போன நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கரண்ட் வந்ததும், சேவ் ஆனதோ இல்லையோ என்ற பயத்தில் பேனரைத்தான் திறந்தேன். கமாண்ட் அடிக்க மறந்துவிட்டேன். அவ்வளவு அலுப்பு.

"ஐய, எங்க வூட்டுக்காரரு!"

எட்டிப் பார்த்தால் அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் உங்கிட்ட குசுகுசுன்னு பேசினானா? அவரு வூட்டுக்கு வர்றதுக்குப் பேனர் அடிக்கிறானா? எனக்குப் படிக்கத் தெரியாது கண்ணு. இன்னா எழுதியிருக்குது?"

"பேரும்மா."

"அதுக்குக் கீழ?"

"பொறந்த தேதி."

"பக்கத்துல ஏன் காலியா இருக்குது?"

மறைவு என்று போட்டு, தேதிக்காக நான் விட்டிருந்த இடம் அது.

"அந்தத் தேதி இன்னும் தெரியலம்மா."

"ஆமா, டாக்டரு சொல்லணுமில்ல." எழுந்து, திரையில் கணவரின் கன்னத்தில் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். "அந்தத் தேதி சீக்கிரமா வரணும். நீயும் வேண்டிக்கோ."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கண்ணீர் கண்ணை மறைக்க, தடவித் தடவிக் கமாண்டை அடித்தேன். அவர் பக்கம் கோட்டை வந்துவிட்டது.

முந்தானையைப் பிடித்தபடியே திகைத்து நின்றார்.

"எங்க கண்ணு போய்ட்டாரு?"

"இங்கதாம்மா இருக்காரு," என்றேன்.