தாம்பாளத்தில் கை வைத்தவன்

கம்ப்யூட்டருக்கு ஏ.சி. போட்டார்கள். கப்பலின் அடிக்கிடங்கில் வேகும் மனிதர்களுக்கு ஒரு பானைத் தண்ணீர் வைக்கச் சொன்னால் மட்டும் கம்பெனி யோசித்தது. எனக்கு அன்றைக்கே அந்த மிஷின்மேல் ஆத்திரம். ஆனால் மிஷின் படிக்கிற அட்டைகளில் துளை போடும் வேலைக்கு டைப்பிங் தெரிந்த பெண் வேண்டும் என்றார்கள். வீட்டில் கஷ்டம், போய்ச் சேர்ந்தேன். என் நைனா ஸ்டானிஸ்லாஸ் அதே கம்பெனியில் மூட்டை இறக்குகிறவர். மகள் ஏ.சி.யில், அப்பன் புழுக்கத்தில். இராயபுரத்தில் எங்கள் தெரு செய்த கிண்டலைச் சொல்லவா வேண்டும்!

இது எழுபத்து மூன்றில் நடந்தது. அதற்கு முன்பு மேஸ்திரிதான் ஆள் பொறுக்குவார். இராயபுரத்துக்காரர்கள் ஒரு கூட்டம், திருவொற்றியூர்க்காரர்கள் ஒரு கூட்டம், எண்ணூர்க்காரர்கள் ஒரு கூட்டம். ஒரு கூட்டம் இன்னொன்றோடு முகம் கொடுத்துப் பேசாது. ஆனால் தன் கூட்டத்தில் ஒருவனைத் தொட்டால் வேலை நின்றுவிடும். மேனேஜர் ரங்கசாயி அதை உடைக்கத்தான் மிஷினைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஓர் அட்டை. இன்று சேர்ந்து வேலை செய்தவர்களை நாளைக்கு மிஷின் பிரித்துவிடும். அது சொல்லும் பெயர்களை நான் மைக்கில் படிப்பேன், யார்டில் இருந்து "கீறேன்" என்று குரல் வரும். இருக்கிறேன் என்பது எங்கள் வாயில் அப்படித்தான்.

"முன்னே பின்னே தெரியாதவனோட சேர்ந்து எவன்மா கொடி பிடிப்பான்? இனிமே மிஷின் யோசிக்கும், நாம நிம்மதியா இருக்கலாம்" என்றார் ரங்கசாயி.

அவருக்குத் தாம்பாளத்தைப் பற்றித் தெரியாது. அடிக்கிடங்கில் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், ஒரு பெரிய தாம்பாளத்தை நடுவில் வைத்து, ஆளாளுக்குக் கொண்டுவந்ததை அதில் கொட்டிக் கலந்துதான் சாப்பிடுவார்கள். தன் தூக்குவாளியைத் தனியாகத் திறந்தவனை யாரும் சேர்க்கமாட்டார்கள். அதில் கை வைத்தவனுக்கு ஒரு சட்டமும் உண்டு. கூடச் சாப்பிட்டவன் கிரேன் கொக்கிக்கு அடியில் நிற்கும்போது, அவனை விட்டுவிட்டு ஏணி ஏறக்கூடாது.

மிஷின் ஆட்களைக் கலைத்துப் போட்டதும், நைனாவின் கருவாட்டுக் குழம்பு எண்ணூர் தேசப்பனின் கேழ்வரகுக் களிமேல் விழுந்தது. அத்தாவுல்லாவின் கறிச்சாறு, தெற்கத்திக்காரர் தவசிமுத்துவின் சோற்றில் கலந்தது. முதலில் முகம் சுளித்தவர்களும் உண்டு. பசி யாரை விட்டது? ஒரு வருஷத்துக்குள் அந்த யார்டில் எல்லோரும் எல்லோரோடும் சாப்பிட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் மணலிப் பக்கம் போகவேண்டிய உரமூட்டைகளோடு அந்தக் கப்பல் வந்தது. அதில் ஸ்டாவ்ரோஸ் என்று ஒரு கிரேக்க மாலுமி, வாலிபப் பையன். முதல் நாளே ரொட்டியையும் உப்பில் ஊறிய ஏதோ கறுப்புக் காயையும் தாம்பாளத்தில் கொட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தானாம். நைனாவின் கழுத்துச் சிலுவையைக் காட்டி, தன் நெஞ்சில் தட்டி, தன் பெயருக்கு அதுதான் அர்த்தம் என்று புரியவைத்திருக்கிறான். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்கு அவன் சிலுவை.

ஒரு மத்தியானம் கயிறு அறுந்து மூட்டைகள் சரிந்தன. கப்பலின் கிழட்டு மாலுமி ஒருவரின் கால் நசுங்கியது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் கப்பல் தாமதமாகும், கட்டுப் போட்டால் போதும் என்றான் கேப்டன். சிலுவை அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். நாலு பேர் சிலுவையை அடித்து இழுத்துப்போய் ஓர் அறையில் பூட்டினார்கள். ஊர் திரும்பியதும் அவனைப் பட்டாளத்திடம் ஒப்படைத்துவிடுவார்கள் என்று கப்பல் சமையல்காரன் அரைகுறை இங்கிலீஷில் சொல்லி அழுதான். அப்போது அவர்கள் நாட்டில் பட்டாளத்து ஆட்சி. உள்ளே போனவன் உயிரோடு வருவானா என்பது யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்த நைனா சோற்றைத் தொடவில்லை.

"கொக்கிக்குக் கீய அவன வுட்டுட்டு ஏறி வந்துட்டோம் ஃப்ளோரா. போலீசாண்ட சொன்னா, கப்பலுக்குள்ள கேப்டன் வெச்சதுதான் சட்டம்னு கைய விரிச்சிட்டான்" என்றார். அம்மாவை அடக்கம் செய்த அன்றைக்கு அப்புறம் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

மறுநாள் காலை பெயர்களைப் படித்தேன். தேசப்பன் முன்னால் வந்து நின்றார்.

"அவன் எறங்குனாத்தான் நாங்க ஏறுவோம் ஸார்."

"அடுத்த கூட்டத்தைப் போடு" என்றார் மேனேஜர். போட்டேன்.

தவசிமுத்து கும்பிட்டார். "ஒரே தாம்பாளத்துல தின்ன பய சார். எப்படி வுட்டுட்டு ஏறச் சொல்லுதீய?"

"பேஜாரு பண்ணாத ஸார்" என்றார் அத்தாவுல்லா. "அவன எறக்கி வுடு, ரெண்டு ஆளு வேலைய ஒரு ஆளு செய்றோம்."

மிஷின் விடாமல் பெயர்களைத் துப்பியது. தொண்டை கட்டும்வரை படித்தேன். நைனாவின் பெயரும் வந்தது. அதையும் படித்தேன். அவர் என் ஜன்னலைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் ஏறவில்லை.

கொழும்புக்குப் போய் இறக்கிக்கொள்கிறேன் என்று கேப்டன் மிரட்டினான். எங்கள் ஆட்கள் கொழும்புத் துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தந்தி அடித்தார்கள். அவர்கள் சிலுவையைப் பார்த்தவர்கள் இல்லை, அவனோடு ஒரு வாய் சாப்பிட்டவர்களும் இல்லை. நாங்களும் தொடமாட்டோம் என்று பதில் வந்தது! நைனா அதை என்னிடம் கொடுத்தார். மைக்கில் படித்தேன். ரங்கசாயி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பார்க்கட்டுமே.

கேப்டன் பணிந்தான். கிழவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வீங்கிப்போய் சிலுவையும் இறங்கினான். யாரும் கோஷம் போடவில்லை. வழிவிட்டு நின்றார்கள், நைனா போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிழவரின் காலை எடுத்துவிட்டார்கள். சிலுவை அந்தக் கட்டிலை விட்டு நகரவே இல்லை.

சரக்கை இறக்கியதும் கப்பல் போயிற்று. போகிறபோது கேப்டன், சிலுவை கப்பலை விட்டு ஓடியவன் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

"அவனுக்கும் ஒரு அட்டை போட்டு வெய்யி ஃப்ளோரா. எங்க ஆளுன்னு மிஷினே சொல்லட்டும்" என்றார் நைனா.

"போ நைனா, மிஷின் சொன்னா போலீஸ் கேக்குமா?" என்றேன். ஆனாலும் சிலுவை என்ற பெயரில் ஓர் அட்டை போட்டு மற்றவற்றோடு சேர்த்தேன். எனக்கே அது ஓர் ஆறுதலாக இருந்தது.

ரங்கசாயி சும்மா இருப்பாரா? கப்பலில் ஏற மறுத்தவர்கள் அட்டையில் எல்லாம் புதிதாக ஒரு துளை போடச் சொன்னார். அந்தத் துளை இருந்தால் இனி வேலை கிடையாது. உட்கார்ந்து போட்டேன். யார் பெயரைப் படித்தேன், யார் மறுத்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? நைனாவின் அட்டையும் வந்தது. அதையும் போட்டேன்.

மறுநாள் காலை ரங்கசாயியே அட்டைகளை மிஷினில் வைத்தார். துளை உள்ளவை வலது பெட்டியில் விழும், இல்லாதவை இடது பெட்டியில். சடசடவென்று வலது பெட்டியிலேயே விழுந்துகொண்டிருந்தன. மிஷின் பழுதா என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அவர் நெற்றியில் ஏ.சி.யிலும் வியர்த்தது. கடைசியில் இடது பெட்டியில் ஒரே ஓர் அட்டை விழுந்தது. பாய்ந்து எடுத்தார்.

"பார்த்தியா, ஒருத்தனாவது விசுவாசமா இருக்கான்! சிலுவையாம். கூப்பிடு அவனை."

மைக்கை இழுத்துக்கொண்டேன்.

"சிலுவை."

யார்டில் தலைகள் எல்லாம் என் ஜன்னல் பக்கம் திரும்பின.

"கீறேன்" என்றார் நைனா.

"கீறேன்!" தேசப்பன். பின்னால் அத்தாவுல்லா, தவசிமுத்து. அப்புறம் எது யார் குரல் என்று பிரிக்க முடியவில்லை. கூரைத் தகரம் அதிர்ந்தது.

ரங்கசாயி ஜன்னலுக்கு ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா இதுல சிலுவை? யாரு?"

கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

"அதான் யோசிக்குமே, மிஷினையே கேளுங்க சார்" என்றேன்.