ரஞ்சீதா உட்கார்ந்த பெஞ்சு

1

இந்தக் கதை எனக்கு ஃபிஜித் தீவில், நகாசி என்ற ஊரில், காய்கறிக் கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற பெண் யாரிடமோ சொன்னாள்: "எங்க ஸ்கூல்ல வகுப்பே கிடையாது. அப்பதான் நான் படிச்சேன்." அவள் பெயரைக் கூட நான் கேட்கவில்லை. மீதியெல்லாம் நானே கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: இரண்டாயிரமாம் ஆண்டு மே மாதம், தலைநகர் சுவாவில், துப்பாக்கி ஏந்தியவர்கள் நாடாளுமன்றத்துக்குள்...

வேண்டாம். துப்பாக்கியில் தொடங்கினால் கதை கடைசிவரை அதையே பார்த்துக்கொண்டிருக்கும்.

2

சிகடோகா பள்ளத்தாக்கில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அந்த வருஷம் ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பயந்து ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்விட, மோகினி மேடம் மட்டும் மிஞ்சினாள். அவள் கணவன் சதேந்திராவும் நியூஸிலாந்துக்கு மனுப் போட்டிருந்தான்.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்தாள். ஒரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் திரும்புவதற்குள் இன்னொரு வகுப்பு ஆற்றங்கரைக்கு நழுவியிருக்கும். கத்திக் கத்தி ஒருநாள் குரலே போய்விட்டது. வேறு வழியில்லாமல் பலகையில் எழுதினாள்: யாருக்கு என்ன தெரியணும்?

காலெப் என்ற பையன் நிலப்படத்தை இழுத்து விரித்தான். அவன் அக்கா போன ஊர் எவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பொடிசுகள் அவனைச் சூழ்ந்துகொண்டன. ஏழாம் வகுப்பு ரஞ்சீதா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கதைப் புத்தகத்தோடு போய், ஒன்றாம் வகுப்பு டிஃபனி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

(இங்கே கல்வித் தத்துவம் பற்றி ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். சொல்ல நினைத்தது இவ்வளவுதான்: ஒரே வயதுக்காரர்களை ஒரே வரிசையில் வைத்தால், தெரியாத பிள்ளைக்கு வாயை மூடிக்கொள்வதைத் தவிர வழியில்லை. வயது கலந்த அறையில் அதற்குப் போய் உட்கார ஓர் இடம் இருக்கிறது.)

3

சின்னவளுக்குச் சொல்லித் தருகிறாள் என்றுதான் மோகினியும் நினைத்தாள். பிறகு கவனித்தாள். டிஃபனியின் விரல் எழுத்துகளுக்கு அடியில் நகர்ந்தது. ரஞ்சீதாவின் உதடு அதற்குப் பின்னால் நகர்ந்தது. ஏழாம் வகுப்புவரை இந்தப் பெண்ணை யாருமே வாசிக்கச் சொல்லிப் பார்க்கவில்லையா?

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அந்தப் பெஞ்சில் இன்னும் சில கதைப் புத்தகங்களை வைத்தாள்.

4

ரஞ்சீதாவின் அப்பா வெங்கடசாமி தோட்டத்துச் சேற்றுக் காலோடு வந்தார். (சண்டை ஃபிஜி இந்தியில் நடந்தது. தமிழில் எழுதுவது என் வசதி.)

"எம் பொண்ணு ஏழாவது, மேடம். பொடிசுங்களுக்கு ஆயாவா இருக்கவா அனுப்பினேன்?"

"அவளாத்தான் அங்க போய் உக்காந்தா."

"பிள்ளைங்க இஷ்டம்னா நீங்க எதுக்கு? ஊரே கிளம்பிப் போவுது. பரீட்சை தேறினாத்தான் இவளுக்கும் ஒரு வழி. திங்கக்கிழமை டவுன் ஸ்கூல்ல சேத்துடறேன்."

ஒரே வார்த்தையில் மோகினி அவர் வாயை அடைத்திருக்கலாம்.

"அவளுக்கு இன்னும்..."

அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் முடிக்கவில்லை. ரஞ்சீதா எழுந்து நின்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா. இப்பதான் கத்துக்கறேன். டவுன்ல போட்டீங்கன்னா மறுபடியும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருப்பேன்."

5

முதல் பிரதியில் வெங்கடசாமி அவளைக் கட்டிக்கொண்டார். அந்த வரியை அடித்துவிட்டேன், அவர் அப்படிப்பட்டவர் அல்ல. இரண்டாவதில் கை ஓங்கினார். அதுவும் அவரல்ல.

அந்தக் குட்டிப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். "படி, கேக்கறேன்."

தட்டுத் தடுமாறி ஒரு பக்கம் வாசித்தாள். ஓரிடத்தில் டிஃபனி திருத்தினாள். ரஞ்சீதா சிரித்துவிட்டு மறுபடி சொன்னாள். பக்கம் முடிகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை அவரே அவளை இதே பள்ளிக்கூடத்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்.

6

அதே வாரம் சதேந்திராவுக்கு விசா வந்தது. இதை மறைத்துக் கதையை முடித்திருந்தால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி.

மோகினி பிள்ளைகளிடம் சொன்னாள். யாரும் அழவில்லை.

"அங்க உள்ள பிள்ளைங்களுக்கு மேடம் இல்லையா?" என்று டிஃபனி கேட்டாள்.

மோகினி வாயைத் திறந்தாள். போனாள் என்று எழுதினால் நீங்கள் அவளைக் குறை சொல்வீர்கள். இங்கேயே இருந்துவிட்டாள் என்று எழுதினால் சதேந்திராவுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். அவள் சொன்ன பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை. பிள்ளைகள் வாசிக்கப் போய்விட்டார்கள்.