ஒரே ஒருதடவை, பழைய மாதிரி

டயர்க்கடைக்காரருக்கு அவருடைய கோபத்தால் அந்த வட்டாரத்தில் ‘இடி’ என்று பெயர். ஞானஸ்நானம் எடுத்த பிறகு போதகர் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பதிலுக்கு ஒரு வேலை கொடுத்தார். சபைக்கு எந்த விருந்தாளி வந்தாலும் இவரை எழுப்பி நிறுத்தி, "சிங்கமா இருந்த சகோதரன், இன்னைக்கு ஆட்டுக்குட்டி!" என்பார். சபை கைதட்டும். ஆட்டுக்குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

கோபம் எங்கும் போய்விடவில்லை. கொதிக்கிற பானைக்கு மூடி போட்ட மாதிரி உள்ளேயே தடதடத்துக்கொண்டிருந்தது. தனக்குள் அந்தப் புது மனிதன் எப்போது வருவான் என்று தினமும் முழங்காலில் நின்று கேட்டார். வந்ததெல்லாம் நெஞ்செரிச்சல்தான்.

மனைவிக்கும் சலிப்பு. "முன்னாடியாவது கத்தி முடிச்சுட்டுச் சாப்பிட வருவீங்க. இப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நாள் பூரா சுத்துறீங்க. இதுக்கா நான் இத்தனை வருஷம் உபவாசம் இருந்தேன்?"

சபை ஆண்டுவிழாவன்று மதியம் போதகர் கடைக்கே வந்தார். வெள்ளைச் சட்டையில் கறை படாமல் டயர்களுக்கு நடுவே ஒடுங்கி நின்றார்.

"தம்பி, சாயங்காலம் உங்க சாட்சிதான். கோபம் போன கதை. ஆனா மைக்செட்காரன் இன்னும் வரல. கேட்டா ‘வரேன் வரேன்’ங்கறான்."

"நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா பாஸ்டர்?"

போதகர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கெல்லாம் நேரமில்ல. ஒரே ஒருதடவை, பழைய மாதிரி ஒரு போன் போடுங்களேன்."

"பாஸ்டர்!"

"கர்த்தருடைய வேலைக்குத்தானே தம்பி."

மூடி பறந்தது. மைக்செட்காரனின் தொழில், வண்டி, வம்சம் எதையும் இவர் விட்டுவைக்கவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவர் வண்டியை விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய் நின்றுகொண்டார். போதகர் மட்டும் ஜெபிக்கிற பாவனையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

முன்பெல்லாம் கத்தி முடித்தால் இவருக்கு நல்ல பசி எடுக்கும். அன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை. "பொண்ணுக்குக் காய்ச்சல்ணே, ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று போனில் மைக்செட்காரன் முனகியது காதைவிட்டுப் போகவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் திட்டியிருந்தார்.

சாயங்காலம் ஒலிபெருக்கிகள் மேடையோரம் வந்து நின்றன. மனைவியை மகளுக்குத் துணை வைத்துவிட்டு வந்த மைக்செட்காரன், ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான். போதகர் சிங்கத்தையும் ஆட்டுக்குட்டியையும் முடித்து மைக்கைக் கொடுத்தார்.

"கோபம் போகல," என்றார் இவர். சபை சிரித்தது, முன்னுரை என்று நினைத்துக்கொண்டது.

"மத்தியானம் இந்த மைக்செட் தம்பியக் கேவலமாத் திட்டினேன். பிள்ளைக்குக் காய்ச்சல்னான். அதுக்கும் திட்டினேன். பாஸ்டர் சொன்னார்னு..." நிறுத்திக்கொண்டார். "இல்ல. எனக்கே ஆசையாத்தான் இருந்துச்சு. தம்பி, என்னை மன்னிச்சிடு."

யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத வார்த்தை. பாதிதான் வெளியே வந்தது.

போதகர் சிரித்த முகம் மாறாமலே, மைக்கை அணைக்கச் சொல்லி விரலால் சைகை காட்டினார்.

மைக்செட்காரன் போதகரைப் பார்த்தான். இவரைப் பார்த்தான். ஒலிக் குமிழில் கை வைத்தான்.

"மைக்கக் கொஞ்சம் கிட்ட வச்சுப் பேசுங்கண்ணே," என்றான். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."