சாயம் பிடிக்காத இடம்

"அந்தத் தோலை எடுத்து ஒளிச்சு வைடா! அவங்க கார் தெருமுனைக்கு வந்திருச்சாம்," என்று கிரிஜா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

ஆனந்தகுமார் பூஜையறையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். தங்கை ஹர்ஷிதாவுக்கு நிச்சயம் பேச மாப்பிள்ளை வீட்டார் வருகிற வேளை. ஹால் மேஜையிலோ அவன் மனைவி சௌம்யா தோலை விரித்து வைத்திருந்தாள். ஹர்ஷிதா ஆசைப்பட்டுக் கேட்ட கைப்பைக்கான தோல்.

"இரும்மா, சௌம்யா குளிச்சிட்டு வரட்டும். யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"தொடக்கூடாதுன்னு அவ நமக்குச் சொல்றாளா? காலம்டா! எதுக்கு இந்த வம்பு? எடு சீக்கிரம்."

காலையெல்லாம் உட்கார்ந்து சௌம்யா அந்தத் தோலின் எண்ணெய்ப் பசையை ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்திருந்தாள். பிறகு ஈரப் பஞ்சால் எங்கும் ஒரே மாதிரி நனைத்திருந்தாள். அப்படிச் செய்தால்தான் சாயம் சீராக இறங்கும். வெறுங்கை படக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போயிருந்தாள்.

ஆனந்தகுமார் பலகையோடு தூக்கினான். தோல் சரிந்தது. எண்ணெய்க் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே போய், பின்பக்கம் கேஸ் சிலிண்டருக்கு அருகில் வைத்துக் கதவைச் சாத்தினான். அம்மா சொன்னால் செய்கிற பிள்ளை, பாவம்! அவன் கல்யாணத்துக்கு அம்மா சம்மதித்ததே, பெண் வீட்டுத் தொழில் வெளியே தெரியக்கூடாது என்ற நிபந்தனையில்தான்.

மாப்பிள்ளையின் அம்மா சாருலதா வடையைக் கடித்துக்கொண்டே விசாரித்தாள். "மருமகளோட அப்பா என்ன பண்றார்?"

"பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆயிட்டார்," என்றான் ஆனந்தகுமார், கண் இமைக்காமல்.

காபித் தட்டோடு சௌம்யா பின்னால் நின்றிருந்தாள். எல்லோருக்கும் காபி கொடுத்தாள்.

அவன் தன் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தான். ஆம்பூரில் ஆயுள் முழுக்கத் தோல் பதனிட்ட மனிதர் அவன் மாமனார். ஒருமுறை பழத்தட்டோடு வந்தவரிடம், "அங்கேயே வைங்க, எடுத்துக்கறோம்," என்றாள் கிரிஜா. நீட்டிய கையோடு அவர் வாசலிலேயே நின்றார். பக்கத்தில் நின்ற இந்த மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சே, இவனெல்லாம் ஒரு மனுஷன் என்று இப்போது தன்னையே திட்டிக்கொண்டான்.

சாயங்காலம் சௌம்யா அரக்கு நிறச் சாயத்தைப் பூசினாள். தோல் முழுவதும் சிவந்துகொண்டே வர, நடுவில் மட்டும் ஒரு கை வெளுப்பாக எழுந்தது, விரல்களோடு. அவள் அவன் கையைப் பார்த்தாள்.

"ஸாரி சௌமி. துடைச்சா போகாதா?"

"சாயத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா துடைச்சிருப்பேன்."

"வேற தோல்ல செய்யேன்."

"எதுக்கு? இதே இருக்கட்டும்."

அவள் அப்பாவைப் பற்றிச் சொன்ன பொய்யைப் பேச அவனுக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருந்தாலாவது தேவலை.

நிச்சயதார்த்தம் சைனிக்புரியில் ஒரு சின்ன ஹாலில் நடந்தது. அப்பாவைப் பற்றிச் சொன்ன பொய், தோலில் பட்ட கை, எல்லாவற்றையும் ஹர்ஷிதாவிடம் சௌம்யா முன்பே சொல்லியிருந்தாள். சொன்ன பிறகும் அந்தப் பையைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள் அந்தப் பெண்.

"பை அழகா இருக்கே! நடுவுல என்ன, கை மாதிரி?" என்றாள் சாருலதா.

"டிசைன்தான் சம்பந்தி!" கிரிஜா முந்திக்கொண்டாள்.

"டிசைன் இல்ல ஆன்ட்டி," என்றாள் சௌம்யா. "எங்கப்பா பேங்க்ல இல்ல. ஆம்பூர்ல தோல் பதனிடற தொழிலாளி. அவர் சொல்லிக்கொடுத்த வேலை இது. அந்தக் கை மட்டும் இவரோடது."

"ஹவ் ஆன்ட்டி, ஆமா, எங்க அண்ணன் கைதான்," என்று ஹர்ஷிதா பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

கிரிஜாவின் முகம் செத்துப் போயிற்று. ஆனந்தகுமார் தாம்பூலத் தட்டைச் சாருலதாவிடம் நீட்டிக்கொண்டிருந்தான். அவள் பையைப் பார்த்தாள். அவன் விரல்களைப் பார்த்தாள். புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டாள்.

"அங்கேயே வைங்க," என்றாள். "எடுத்துக்கறோம்."

ஆனந்தகுமார் வைக்கவில்லை. எங்கே வைப்பதென்று தெரியாமல், நீட்டிய கையோடு நின்றான், அன்று அவன் மாமனார் நின்ற மாதிரியே.