சொறி வந்த வழி

மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துக் காலால் தள்ளிவிட்டாள். அது சறுக்கிக்கொண்டு போய், கதவோரம் உட்கார்ந்திருந்த குருவியின் முட்டியில் இடித்து நின்றது.

"அங்கேயே உக்காந்து தின்னு. புள்ளையத் தொட்டே, நடக்கறதே வேற."

குருவி என்பது அவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு வைத்த பெயர். ஒல்லி உடம்பு, ஓயாத கால்கள். அன்று காலைதான் அவளை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். விரலிடுக்கெல்லாம் சொறி.

அது வந்த வழி அவளுக்குத் தெரியும். இல்லத்தில் ஜட்ஜம்மா என்று ஒரு கிழவி; மகன் நீதிபதி. மகன் வீட்டில் சில நாள் தங்கிவிட்டுத் திரும்பியவள், சொறிந்துகொண்டே இருந்தாள். குளிப்பாட்டும்போது இடுப்பிலும் அக்குளிலும் பொரிப்பொரியாக இருந்ததைப் பார்த்த குருவி, மேனேஜரிடம் ஓடினாள்.

"ஜட்ஜ் வீட்டு ஆளுக்குச் சொறியா? வாயக் கழுவு! வயசான தோலு, வறண்டு போயிருக்கும். எண்ணெயத் தடவு."

"கிளவுஸாவது குடுங்க சார்."

"அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெச்சிருக்கு. நீ எடுத்துட்டா அப்புறம் எதைக் காட்டறது?"

வெறுங்கையோடு தடவினாள். அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று எல்லோரையும் அணைத்துத் தூக்கினாள், துடைத்தாள், உடை மாற்றினாள். கொஞ்ச நாளில் கூடமே சொறிய ஆரம்பித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இருப்பவர்கள், வேலை செய்பவர்கள், வந்து போகும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து தடவ வேண்டும் என்று சொல்லிப் போனார். மருந்து கட்டிலில் இருந்தவர்களுக்கு மட்டும் வந்தது. பதறிப்போய் விசாரித்த குடும்பங்களிடம் மேனேஜர் சொன்னார்: "வேலைக்காரி ஒருத்தி அவ வீட்லேருந்து கொண்டாந்துட்டா. அனுப்பியாச்சு."

அவர்கள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அழுக்கு வேறு எங்கிருந்து வரும்?

குருவி அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வீட்டில் எல்லோருக்கும் மருந்து வாங்கி வந்தாள். புருஷன் தடவிக்கொண்டான். பிள்ளைக்கும் அவனே தடவினான்.

"எனக்கெதுக்கு அந்தக் கண்றாவி?" என்ற மாமியார், கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு மருமகள் முன்னால் உட்கார்ந்தாள். குருவி தடவிவிட்டாள். தொடாதே என்று இப்போது யாரும் சொல்லவில்லை.

சொறி ஆறியிருந்த சமயத்தில் மேனேஜர் போன் செய்தார்.

"ஜட்ஜம்மா யாரையும் கிட்ட விடமாட்டேங்குது. புது ஆளுங்க கட்டில் பக்கமே போகமாட்டேங்கறாங்க. நீ வந்துடு."

"வர்றேன் சார். ஆனா சொறி என்னால வரலேன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும்."

"சொல்லிடலாம், சொல்லிடலாம். மொதல்ல வா."

அவள் போனபோது ஜட்ஜ் வந்திருந்தார். பெற்றவள் கட்டிலிலிருந்து எட்டவே நின்றார்.

"இவதான் சார் அந்தப் பொண்ணு. இப்ப குணமாயிடுச்சு," என்றார் மேனேஜர்.

ஜட்ஜ் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். "போனது போகட்டும்மா. நாங்க மன்னிச்சிட்டோம்."

குருவி ஓரடி முன்னால் வந்தாள். "நீங்க மன்னிக்க, நான் என்னய்யா தப்புப் பண்ணேன்?"

மேனேஜர் அவள் முழங்கையை இடித்தார். அதற்குள் கட்டிலிலிருந்து கிழவியின் குரல் வந்தது.

"அவ எங்கடா கொண்டாந்தா? உன் புள்ளதான் சொறிஞ்சிக்கிட்டே கெடந்தான். அவன் பக்கத்துலதானே என்னைப் படுக்கப் போட்டீங்க? அன்னிக்கே உன் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்னா."

ஜட்ஜ் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். குரலில் வருத்தம் தோய்த்துச் சொன்னார்:

"அம்மாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிடுச்சு போல. ஒரு மூளை டாக்டரை வரச் சொல்லுங்க."

"கட்டாயம் சார்."

கிழவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். திறந்த வாய் மூடவில்லை. தான் சொன்னது நிஜம்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்ட மாதிரி விழித்தாள்.

குருவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேனேஜர் முறைத்ததையும் பார்த்தாள். வேலை போய்விட்டது, தெரியும். கடைசிக் கட்டில் வரை கேட்கும்படி சொன்னாள்:

"இல்லம்மா. உங்களுக்கு எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு."