கடைசியில் நிற்கும் உறுப்பினர்

“எம்.எல்.ஏ. சார், போய்க் கையத் தூக்கிட்டு வாங்க” என்று அறைக்காரர்கள் கேலி செய்தபோது பொன்னுச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டபடி வாசலிலேயே நின்றான்.

தோஹா தொழில்பேட்டையில் அந்தத் தொழிலாளர் கேம்ப்பின் சமையல்கட்டைப் போன மாதம்வரை ஆண்டுவந்தவன் சரவணகுமார். சூப்பர்வைசருக்கு வேண்டியவன். அவனுக்குப் பிடித்தவர்களுக்கு அடுப்பு, பிடிக்காதவர்களுக்குக் காய்ந்த குப்பூஸ் ரொட்டி. ஒருநாள் பொன்னுச்சாமியின் கொதிக்கிற உலையை இறக்கித் தரையில் வைத்தான். வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போன பொன்னுச்சாமி, மறுநாள் ஒருத்தரையும் பஸ் ஏறவிடவில்லை. கம்பெனி இறங்கிவந்தது. சரவணகுமாரின் ராஜ்ஜியம் போய், சமையல்கட்டுக் கமிட்டிக்கு அறைக்கு ஒருவராக ஐந்து உறுப்பினர்கள் வந்தார்கள்; இந்த அறைக்குப் பொன்னுச்சாமி. அவர்கள் போட்ட முதல் சட்டம், வருகிற வரிசையில் சமையல். உறுப்பினர் மட்டும் எல்லோருக்கும் கடைசி.

இன்று இரண்டாவது சட்டம். சரவணகுமார் இனி அடுப்பையே தொடக்கூடாது. இரண்டு பேர் சரி என்கிறார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்கிறார்கள். பாக்கி பொன்னுச்சாமியின் கைதான்.

“நான் தூக்கப்போறதில்ல” என்றான்.

கீழ்க்கட்டிலிலிருந்து அன்பரசன் துள்ளி எழுந்தான். “ஒங்கள அனுப்புறது நாங்கண்ணே! நாங்க சொல்றதச் செய்யத்தான் நீங்க!”

“அவன் எறக்குனது என் ஒலயத்தான்டா. எனக்கு இல்லாத கோவமா? ஒருத்தன் சோத்த மறிக்கிற அதிகாரமே யாருக்கும் வேணாம்னுதானே போராட்டத்துல எறங்குனோம். அத நான் கையில எடுக்க மாட்டேன். புடிக்கலன்னா வேற ஆளப் போட்டுக்கங்க.”

போட்டுக்கொண்டார்கள். காலையில் அவன் கை எழவில்லை, சட்டம் விழுந்தது. மதியத்துக்குள் அந்த அறையின் உறுப்பினர் அன்பரசன். ஒரே அறையில் படுத்து எழுகிறவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொன்னுச்சாமிக்கு வலித்தது. ஆனாலும் மறுபடி கேட்டால் அதையேதான் செய்வான்.

சாயங்காலம் வரிசையில் நின்றான். சரவணகுமார் பானையோடு வந்தான். பழைய நினைப்பில் நேராக முன்னடுப்புக்கே போனான். எல்லோரும் பொன்னுச்சாமியைப் பார்த்தார்கள். அவன் கரண்டியை நீட்டி வரிசையின் வாலைக் காட்டினான்.

“வரிச அங்க இருக்கு தம்பி.”

சரவணகுமார் பானையோடு திரும்பினான். பிறகு ஒவ்வொருவராகக் கடந்து பின்னால் போனான். அங்கே எல்லோருக்கும் கடைசியாக, உறுப்பினர் அன்பரசன் அரிசிக் குண்டானோடு நின்றிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அன்பரசன் பல்லைக் கடித்துக்கொண்டு, குண்டானைத் தூக்கி இடுப்பில் இடுக்கி, ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.