பூனை நடை

கண்டக்டரம்மாவின் குரல் அப்பேர்ப்பட்ட குரல். இருபத்திரண்டு வருஷம் நகரப் பேருந்தை முன் படிக்கட்டிலிருந்து கடைசி இருக்கை வரைக்கும் அந்தக் குரலால்தான் கட்டியாண்டாள். நீ இங்கே பேசினால் எதிர் வீட்டுக்காரர் பதில் சொல்கிறார் என்று புருஷன் கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவள் பதினோரு நாளாகக் குசுகுசுவென்றுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

காரணம், வீட்டுக்கு வந்திருந்த ஒன்பது வயதுப் பெண் குழந்தை. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து அவளிடம் வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். அதன் சொந்த வீட்டில் நடந்ததை முழுசாகச் சொல்லவில்லை. ரொம்பப் பயந்த குழந்தை, திடுக்கிட வைத்துவிடாதீர்கள் என்று மட்டும் வளர்ப்புப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்த அதிகாரி சொல்லியிருந்தார். கண்டக்டரம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தாள், கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டாள், பாத்திரத்தைக்கூடத் திருட்டுத்தனமாகத்தான் கழுவினாள். ஆனாலும் குழந்தை தேறவில்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வாசற்கதவையே பார்த்தபடி சாப்பிட்டது.

அன்று மதியம் பால் டம்ளரோடு அறைக்குள் போனாள். குழந்தை ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டடி பக்கத்தில் போய் மெல்ல, "பாப்பா" என்றாள்.

குழந்தை அலறவில்லை. திரும்பி ஒரு பார்வை, அவ்வளவுதான். கம்பியில்லாத ஜன்னலைத் தாண்டி வெளியே இறங்கிவிட்டது. மூன்றாவது மாடி. சுவரை ஒட்டி ஓடும் ஒன்றரை அடி சிமெண்ட் விளிம்பு, கீழே சைக்கிள் நிறுத்துமிடம்.

கண்டக்டரம்மா கத்த வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டாள். கத்தினால் விழுந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி ஓரடி வைத்தாள். குழந்தை ஓரடி தள்ளிப் போனது. இவள் இன்னும் ஓரடி வைக்க, அதுவும் இன்னும் ஓரடி போனது. அதற்கப்புறம் விளிம்பு இல்லை.

கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையில் விழுந்து, கணகணவென்று உருண்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

திறந்தபோது குழந்தை அங்கேயே நின்றது. டம்ளர் உருண்டு ஓய்கிற வரைக்கும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் காதுவரை ஏறியிருந்த தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவளுக்குள் ஏதோ பொறி தட்டியது. யோசிக்க நேரமில்லை. காலைத் தொம் தொம்மென்று வைத்துப் பின்னால் நடந்தாள். அடக்கி வைத்திருந்த குரலை எடுத்தாள்.

"பாப்பா, நான் பின்னாடி போறேன். கட்டில்கிட்ட வந்துட்டேன். இப்ப கதவைத் தாண்டறேன். வெளிய தரையில உக்காந்துட்டேன். கை ரெண்டும் மடியில இருக்கு. நீ சொல்லாம எந்திரிக்க மாட்டேன்."

உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் தெரிந்தது, குழந்தை தெரியவில்லை. அதுதான் கொடுமை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். பேச்சு நின்றால் பிள்ளை போய்விடும் என்று பயந்தாள். கீழே யாரோ சைக்கிளைப் போட்ட சத்தத்தில் பிள்ளைதான் விழுந்துவிட்டதோ என்று நினைத்தாள். அப்போதும் நாக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

எவ்வளவு நேரமோ, முதலில் ஒரு கை ஜன்னல் சட்டத்தைப் பிடித்தது. அப்புறம் ஒரு முழங்கால் தெரிந்தது. குழந்தை உள்ளே குதித்து, மூலையில் குந்திக்கொண்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள அவள் உடம்பெல்லாம் துடித்தது. எந்திரிக்க மாட்டேன் என்று சொல்லியாயிற்றே, எழுந்திருக்கவில்லை.

குழந்தைதான் பேசியது.

"அவரு வர்றது தெரியவே தெரியாது அத்தை. கதவு சத்தமே போடாது. திரும்பினா பக்கத்துல நிப்பாரு."

யார் என்று அவள் கேட்கவில்லை. பதினோரு நாள், நாளைக்குப் பத்துத் தடவை, அந்த ஆள் வந்த மாதிரியேதான் தானும் இந்தக் குழந்தையிடம் வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"தப்பு என்னோடதுதான் கண்ணு," என்றாள். "இப்ப நான் எந்திரிக்கலாமா?"

குழந்தை கொஞ்சம் யோசித்தது.

"வேணாம். அங்கயே இருந்து பேசிக்கிட்டே இருங்க."

பேசினாள்.